கைக்குள் போன வெளிச்சத்துக்கு என்ன நடக்கிறது?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி திருகோணமலையிலிருந்து கேட்ட கேள்வி இது: "அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். கண் கிளினிக்கில் ஓசிடி (OCT) என்ற ஸ்கான் எடுத்தார்கள். எக்ஸ்றே இல்லை, வெறும் வெளிச்சம்தான் என்றார்கள். படத்தில் விழித்திரை கேக் வெட்டின மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. வெளிச்சம் எப்படி உள்ளே போய் வெட்டுமுகத்தைக் காட்டுகிறது? கண்ணில் முடியுமென்றால் வயிற்றையும் மூளையையும் ஏன் அப்படிப் பார்க்கக்கூடாது?"

கொஞ்சக் காலம் ஒளியியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு இப்போது ஊரில் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். கேள்வியின் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்றைக்கு இரவு அறை லைற்றை அணைத்துவிட்டு போன் ரோச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். ரோச்சிலிருந்து போனது வெள்ளை வெளிச்சம், வெளியே வந்தது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் விழுங்கிவிட்டது. இதை எல்லாரும் சின்ன வயதில் பார்த்திருப்போம். ஆனால் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. அந்தச் சிவப்பு ஒளிர்வுக்குள் எலும்பைத் தேடிப் பாருங்கள். விரலுக்கு நடுவில் தடித்த எலும்பு இருக்கிறது, அதன் நிழல் எங்கே? தெரியாது. தோலோடு ஒட்டின நாளம் ஒன்றிரண்டு கறுப்புக் கோடாகத் தெரியலாம், அவ்வளவுதான். ஒன்றரை சென்ரிமீற்றர் சதையைத் தாண்டி வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் படத்தைக் கொண்டு வரவில்லை.

ஆகவே "வெளிச்சம் உடம்புக்குள் போகாது" என்பது பிழை. போகிறது. வழிதான் தவறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இலகு, ஏனென்றால் உடம்புக்குள் பார்க்க மனிதர் கண்டுபிடித்த ஒளிக்கருவிகள் எல்லாமே வழி தவறிய வெளிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கான வேறு வேறு பதில்கள்தான்.

நம்மூர்க் கடலில் இரண்டு சங்கதியையும் தனித்தனியாகப் பார்க்கலாம். வைகாசி, ஆனியில் புறாத்தீவுப் பக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். சுழியோடுகிறவர்களைக் கேளுங்கள், ஐந்தாறு மீற்றர் கீழே போனால் சிவப்புத் துணி மங்கிப் பழுப்பாகிவிடும் என்பார்கள். தண்ணீர் சிவப்பைத் தின்கிறது. ஆனால் துணியின் மடிப்பு, ஓரம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். அது உறிஞ்சல். மாரி மழைக்குப் பிறகு கொட்டியாரக் குடாப் பக்கம் போய்ப் பாருங்கள். மகாவலி கொண்டுவந்து கொட்டுகிற வண்டலில் ஒரு முழத்துக்குக் கீழே கை தெரியாது. வெளிச்சம் இல்லாமலா? தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் தெரியாது. அது சிதறல்.

நம் உடம்பு கொட்டியாரக் குடா. சிவப்பு வெளிச்சத்துக்கு உறிஞ்சல் அங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஏறத்தாழ 650 முதல் 950 நனோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களில் ஈமோகுளோபினும் தண்ணீரும் இரண்டுமே கொஞ்சம் கை தளர்த்தும். 650இற்குக் கீழே இரத்தம் விழுங்கும், 950இற்கு மேலே தண்ணீர் விழுங்கத் தொடங்கும். நடுவில் ஒரு ஜன்னல். இதன் பெரும்பகுதி நம் பாடப்புத்தகம் செந்நிறக்கீழ் என்றும் இந்தியப் புத்தகங்கள் அகச்சிவப்பு என்றும் சொல்லும் பகுதிக்குள் வருகிறது. இந்த ஜன்னலுக்குள் ஒரு போட்டன், அதாவது வெளிச்சத்தின் ஒரு துகள், உறிஞ்சப்படாமல் பத்து சென்ரிமீற்றர் அளவுக்கு நடந்து திரியலாம். ஆனால் சிதறாமல் போகும் தூரம்? சராசரியாக 0.1 மில்லிமீற்றர். தலைமுடித் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாருங்கள்: ஒரு முறை உறிஞ்சப்படுவதற்குள் ஆயிரம் முறை சிதறுகிறது.

ஒவ்வொரு சிதறலும் பெரிய திருப்பம் இல்லை, ஏறக்குறைய 25 பாகைதான். பத்திரகாளி அம்மன் தேரன்று வடக்கு வீதியில் மாட்டுப்பட்டிருக்கிறீர்களா? யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். இடது தோளில் ஒரு இடி, வலது தோளில் ஒரு இடி, ஒவ்வொன்றும் சின்னதுதான். பத்து இடிக்குப் பிறகு எந்தப் பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கினீர்கள் என்பதே மறந்துபோகும். வெளிச்சத்துக்கும் அப்படித்தான். ஒரு மில்லிமீற்றர் போனதும் திசை முழுக்க மறந்துவிடும். எலும்பின் நிழல் வராததற்குக் காரணம் அதுதான்.

ஏன் இப்படிச் சிதறுகிறது? வெளிச்சம் ஒரு பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்லும் எண் முறிவுச் சுட்டி. கலத்தின் கொழுப்பும் புரதமும் ஒரு முறிவுச் சுட்டி, சுற்றியுள்ள தண்ணீர் இன்னொரு முறிவுச் சுட்டி. தண்ணீருக்கு 1.33, கொழுப்புக்கு 1.45 அளவில். சின்ன வித்தியாசம்தான், ஆனால் அது கோடிக்கணக்கான எல்லைகளில் நடக்கிறது. இதைச் சமையலறையில் பார்க்கலாம். பச்சை இறாலை உரித்து லைற்றுக்கு நேரே பிடியுங்கள். சதைக்கு ஊடாக முதுகுக் குடல் கறுப்பு நூல் மாதிரித் தெரியும். கொதிக்கிற குழம்பில் போட்டு ஒரு நிமிடத்தில் எடுங்கள், வெள்ளையாகிவிட்டிருக்கும், குடல் தெரியாது. யாரும் வெள்ளைச் சாயம் போடவில்லை. சூட்டில் புரதங்கள் சுருண்டு கட்டிகட்டியாகச் சேர்ந்துவிட்டன, எல்லைகள் கூடிவிட்டன, வெளிச்சம் சிதறத் தொடங்கிவிட்டது. கண்ணில் வெள்ளை படர்வதும் ஏறத்தாழ இதே கதைதான், வில்லைப் புரதம் வருடக்கணக்கில் மெதுவாகக் கட்டியாவது.

எக்ஸ்றேக்கு இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. அதன் கண்ணுக்குச் சதை, கொழுப்பு, தண்ணீர் எல்லாவற்றின் முறிவுச் சுட்டியும் ஒன்றுதான், 1இலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் விலகும். அதனால் நேர்கோட்டில் போய், கல்சியம் இருக்கிற எலும்பில் உறிஞ்சப்பட்டு, ஒழுங்கான நிழலை விழுத்துகிறது. விலை, அதன் சக்தி கலங்களின் டிஎன்ஏயைக் காயப்படுத்தக்கூடியது. வெளிச்சத்துக்கு அந்தக் குணம் இல்லை என்பதால்தான் இவ்வளவு மினக்கெடுகிறோம்.

சரி, அம்மம்மாவின் ஸ்கானுக்கு வருவோம்.

ஓசிடியின் பதில் மிகக் கறாரானது: வழி தவறிய வெளிச்சம் வேண்டாம், எல்லாவற்றையும் தள்ளிவிடு. நேராக உள்ளே போய், ஒரே ஒரு தடவை பின்னோக்கிச் சிதறி, நேராக வெளியே வந்ததை மட்டும் எடு. தேர்க் கூட்டத்துக்குள் நூறு பேரை அனுப்பி, யாரிலும் இடிபடாமல் போய்த் திரும்பி வந்த ஒருவரிடம் மட்டும் கதை கேட்பது மாதிரி. அவர் எவ்வளவு நேரம் கழித்து வந்தார் என்பதே எவ்வளவு தூரம் போனார் என்பதைச் சொல்லிவிடும்.

நேரத்தை அளக்க வேண்டும், அங்கேதான் தலையிடி. விழித்திரையின் தடிப்பே கால் மில்லிமீற்றர் அளவுதான். அதற்குள் பத்து மைக்குரோமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு அடுக்கைப் பிரித்தறிய, ஒரு செக்கனைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் கோடிப் பங்காக்கி, அதில் எட்டு ஒன்பது பங்கை அளக்க வேண்டும். எந்த மின்னணு மணிக்கூடும் அதற்குக் கிட்ட வராது.

அதனால் மணிக்கூடு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒரு கண்ணாடிக்கும் அனுப்புவார்கள். இரண்டும் திரும்பி வந்து ஒன்றாகச் சேரும். உயர்தரத்தில் தலையீடு படித்திருப்பீர்கள், இரண்டு அலைகள் சேர்ந்து ஒன்றையொன்று கூட்டுவது அல்லது அழிப்பது. லேசர்ச் சுட்டி மாதிரி ஒரே நிற வெளிச்சம் என்றால் பாதைத் தூரம் ஒத்துப்போகாவிட்டாலும் தலையீடு வரும். இங்கே வேண்டுமென்றே பல அலைநீளம் கலந்த வெளிச்சத்தை எடுக்கிறார்கள். அதன் குணம், இரண்டு பாதையும் சில மைக்குரோமீற்றர் வித்தியாசத்துக்குள் சமமாக இருந்தால் மட்டுமே தலையீடு காட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆகவே கண்ணாடி இருக்கும் தூரம்தான் அளவுகோல். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் விழித்திரையின் ஒவ்வொரு ஆழமும் முறை வைத்துப் பேசும். வழி தவறி நீண்ட பாதையில் சுற்றி வந்த வெளிச்சத்தின் பாதை ஒத்துப்போகாது, அது தானாகவே கழிந்துவிடும். இப்போதைய மெஷின்களில் கண்ணாடி நகர்வதுகூட இல்லை. திரும்பி வந்ததை நிறமாலையாகப் பிரித்து, எல்லா ஆழத்தையும் ஒரே தடவையில் கணக்குப் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அம்மம்மா தாடையை வைத்துவிட்டுச் சில செக்கனில் எழும்பி வந்தது அதனால்தான்.

1991இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், எரிக் சுவான்சன், ஜேம்ஸ் புஜிமோட்டோ ஆகியோரின் குழு இதை முதலில் வெளியிட்டது. ஹுவாங் அப்போது மாணவர். 2023இல் மூவருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. ஒரு மாணவர் ஆய்வுகூடத்தில் தொடங்கினது 30 சொச்சம் வருடத்துக்குள் நம் மாவட்டத்து அம்மம்மாவின் கண் வரை வந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். மேலே முழுக்கக் கறுப்பாக ஒரு பகுதி இருக்கும். அது வெறுமை இல்லை, கண்ணாடித் திரவம். அங்கே சிதறல் இல்லை, அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை, அதனால் கறுப்பு. விழித்திரையின் அடுக்குகள் தெரிவதே அவை கொஞ்சம் சிதறுவதால்தான். இவ்வளவு நேரமும் நான் திட்டின அதே சிதறல்தான் இங்கே செய்தியைக் கொண்டு வருகிறது. சீனி வருத்தக்காரரின் படத்தில் அடுக்குகளுக்கு நடுவே கறுப்புக் குமிழிகள் இருந்தால் டொக்டர் கவனிப்பது இதனால்தான். குமிழிக்குள் நீர் கோத்திருக்கிறது, நீர் சிதறாது.

இனி "வயிற்றை ஏன் பார்க்க முடியாது" என்பதற்கு விடை தானாக வரும். கண்ணின் முன்பகுதியை இயற்கையே கண்ணாடியாகச் செய்து வைத்திருக்கிறது. வில்லையின் கலங்கள் தங்கள் கருவைக்கூட இழந்துவிட்டவை. கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் விழிவெண்படலத்தில் இருப்பதும் தோலில் இருப்பதும் ஒரே கொலாஜன் புரதம்தான், ஆனால் அங்கே நார்கள் மிக மெல்லியவை, ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டவை, சிதறல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். தோலில் அந்தச் சலுகை இல்லை. ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, மொத்தம் இரண்டு மில்லிமீற்றர், அதாவது இருபது சிதறல் தூரம். இடிபடாமல் தப்பி வருவது ஏறத்தாழ 50 கோடியில் ஒரு போட்டன். ஓசிடி மெஷின் ஆயிரம் கோடியில் ஒன்றைக்கூட உணரக்கூடியது, அதனால் ஒரு மில்லிமீற்றர் சமாளிக்கும், கொஞ்சம் கூடவும் போகும். இரண்டைத் தாண்டினால் கை விரித்துவிடும். வயிற்றுத் தோலே அந்தக் கணக்கை முடித்துவிடும்.

நுணுக்குக்காட்டிக்காரர்களுக்கு வேறு வழிகள் உண்டு. மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில், குவிந்த புள்ளியிலிருந்து வருவதை மட்டும் ஒரு ஊசித்துளை உள்ளே விடும், மற்றதை மறிக்கும். 1990இல் வந்த இரு போட்டன் முறை இதைவிடக் கெட்டித்தனம். இரண்டு போட்டன் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் மூலக்கூறு ஒளிரும் என்பதை மரியா கோப்பெர்ட் மேயர் 1931இலேயே கணித்திருந்தார். வெளிச்சம் மிக நெருக்கமாகக் குவியும் புள்ளியில் மட்டும்தான் அது நடக்கும். ஆகவே வரும் ஒளிர்வு எப்படிச் சிதறிச் சுற்றி வந்தாலும் கவலையில்லை, பிறந்த இடம் தெரியும். உயிருள்ள எலியின் மூளையில் நரம்புக் கலம் வேலை செய்வதை இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆழம் இங்கும் ஒரு மில்லிமீற்றர் அளவுதான்.

இன்னும் ஆழம் வேண்டுமென்றால் தெளிவை விட்டுக்கொடுக்க வேண்டும். வழி தவறியதைத் தள்ளாமல் எண்ணிக் கணக்குப் பார்ப்பது அடுத்த பதில். நெற்றியில் ஓரிடத்தில் செந்நிறக்கீழ் வெளிச்சத்தை விட்டு, மூன்று சென்ரிமீற்றர் தள்ளி ஒரு உணரியை வைத்தால், அங்கே வந்து சேரும் போட்டன்கள் போன பாதை எல்லாம் சேர்ந்து வளைந்த வாழைப்பழ வடிவமாக இருக்கும். ஆய்வாளர்களே அதை வாழைப்பழம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழத்தின் வயிறு மூளையின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு வரும். மூளையில் ஒட்சிசன் ஏறி இறங்குவதை இப்படிப் பார்க்கலாம் என்று பிரான்ஸ் யொப்சிஸ் 1977இல் காட்டினார். குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, அவர்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். படம் மட்டும் நனைந்த கண்ணாடிக்கு வெளியே பார்க்கிற மாதிரி மங்கலாகத்தான் இருக்கும்.

கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டின கருவியும் இந்தக் குடும்பம்தான். ஜப்பானில் தகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்ட வழி. 660 நனோமீற்றரில் ஒன்று, 940இல் ஒன்று என இரண்டு வெளிச்சம். ஒட்சிசன் ஏற்றிய இரத்தமும் ஏற்றாததும் இந்த இரண்டையும் வேறு வேறு விகிதத்தில் உறிஞ்சும். தோல், எலும்பு, சதை எல்லாம் மாறாமல் இருக்க, நாடியோடு ஏறி இறங்குவது நாடிக் குருதி மட்டும். அந்தத் துடிக்கும் பங்கை மட்டும் பிரித்து விகிதம் பார்த்தால் போதும். துடிப்பு இல்லையென்றால் கணக்கும் இல்லை. 2021இல் எங்கள் வீட்டில் ஐயாவுக்கு ஒட்சிசன் 74 வீதம் என்று காட்டி, வாகனத்துக்குப் போன் எடுத்து, அக்கா அழத் தொடங்கி ஒரே அமளி. மனுசன் வெறும் மேலோடு ஃபானுக்கு நேரே படுத்திருந்து விரல் சில்லிட்டுப் போயிருந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினால் 97. ஆனால் எல்லாப் பிழையும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதில்லை. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், மறைந்திருந்த ஒட்சிசன் குறைவைக் கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நம் தோலுக்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கைதான். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் இலக்கத்தைக் காட்டி அவரை அடக்கக்கூடாது.

எனக்கு மிகப் பிடித்த பதில் இனித்தான் வருகிறது. தேர்க் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால், அது எந்த வழியால் போனது என்று யாரும் ஆராய மாட்டார்கள். அது "அம்மா" என்று கத்தினால் போதும். ஒளியொலி முறை இதைத்தான் செய்கிறது. மிகச் சின்ன நேர லேசர்த் துடிப்பை உள்ளே விடுவார்கள். வெளிச்சம் எப்படியோ சிதறித் திரிந்து ஒரு குருதிக்குழாயில் உறிஞ்சப்படும். அந்த இடம் ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்கு சூடாகிச் சட்டென்று விரியும். விரிந்தால் ஒலி. அதை வயிற்றில் ஸ்கான் பிடிக்கிற மாதிரியான கழியொலி உணரிகள் கேட்கும். ஒலி சதைக்குள் செக்கனுக்கு 1540 மீற்றர் வேகத்தில், வெளிச்சத்தைவிடப் பல மடங்கு ஒழுங்காக நேரே வரும். எங்கிருந்து கத்தியது என்பது தெரிந்துவிடும். வெளிச்சம் பட்டால் பொருள் ஒலிக்கும் என்பதை 1880இல் கண்டவர் தொலைபேசிக்காரர் கிரகாம் பெல். உடம்புக்கு அது பயன்பட நூறு வருடத்துக்கு மேலாயிற்று. இப்போது சில சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள குருதிக்குழாய்களைப் பார்க்க முடிகிறது. மார்பகக் கட்டிகளில் இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, சிதறலை அளப்பதற்குப் பதில் சிதறலையே நிறுத்தினால் என்ன? பஸ் நிலையத்தில் வடை சுற்றித் தந்த கொப்பிக் கடதாசியைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறின இடத்தில் மட்டும் மறுபக்கத்துக் கணக்கு இந்தப் பக்கம் தெரியும். கடதாசி நாருக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் முறிவுச் சுட்டி வித்தியாசம் பெரிது, அதனால் அது வெள்ளை. காற்றிருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் வித்தியாசம் போய்விடுகிறது. 2024 செப்டெம்பரில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று இதையே உயிருள்ள எலியில் செய்து காட்டியது. எண்ணெய்க்குப் பதில் டார்ட்ராசின், அதாவது இனிப்புப் பண்டங்களில் போடுகிற அதே மஞ்சள் கலர். நீலத்தைப் பலமாக உறிஞ்சும் சாயம் தண்ணீரில் கரைந்தால் சிவப்புப் பக்கத்தில் தண்ணீரின் முறிவுச் சுட்டி உயரும், கொழுப்பையும் புரதத்தையும் நெருங்கும். எலியின் வயிற்றில் பூசித் தேய்க்க, தோலுக்கூடாகக் குடல் அசைவதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். கழுவினால் தோல் பழையபடி. எலித் தோல் மெல்லியது, நம்முடையது பல மடங்கு தடிப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் கேசரிப் பவுடரைக் குழைத்து வயிற்றில் பூச வேண்டாம்.

அம்மம்மாவுக்குச் சொல்ல வேண்டியது: ஓசிடியில் கண்ணுக்குள் போவது ஒரு மில்லிவாற்றுக்கும் குறைவான வெளிச்சம், அடிக்கடி எடுத்தாலும் எக்ஸ்றே மாதிரிச் சேர்ந்துகொண்டு வராது. வில்லையில் வெள்ளை தடிப்பாகப் படர்ந்திருந்தால் படம் மங்கும், அது மெஷினின் பிழையில்லை. படத்தோடு நடுப்பகுதித் தடிப்பு என்று மைக்குரோமீற்றரில் ஒரு இலக்கம் இருக்கும். அந்தத் தாளை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வைத்து அடுத்த முறையும் கொண்டு போங்கள். நீர் கூடியதா வற்றியதா என்பதை டொக்டர் அந்த இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்வார்.